பிரெஞ்சு கற்க ஒரு பக்க வரலாறு போதும்

பிரெஞ்சு மொழியைப் பாடமாக எடுத்த எங்களில் பலருக்கு இலக்கணம் பெரிய தடையல்ல. வினைச்சொல் அட்டவணையை இரவிரவாக இருந்து மனனம் செய்துவிடலாம். தவணைப் பரீட்சையில் அதற்குப் புள்ளியும் கிடைத்துவிடும். தடைகள் வேறு இரண்டு. முன்பின் பார்த்திராத ஒரு பந்தியை வாசித்துக் கிரகிப்பது ஒன்று. ஓர் ஒலிப்பதிவைக் கேட்டுக் கிரகிப்பது மற்றொன்று. இந்த இரண்டு இடங்களிலும் விழுந்து எழும்ப முடியாமல், "இது எங்களுக்குச் சரிவராது, வீட்டில் இங்கிலிஷ் பேசுகிற பிள்ளைகளுக்குத்தான் பிரெஞ்சு" என்று சொல்லிப் பாடத்தை மாற்றிக்கொள்கிற மாணவிகள் இருக்கிறார்கள்.

தமிழ் மொழிமூலம் படித்த ஒரு மாணவி அப்படிச் சொல்லி விலகும்போது, ஒரு மொழி தனக்கு உரியதல்ல என்ற எண்ணத்தையும் தன்னோடு எடுத்துச் செல்கிறாள். அதைத்தான் நான் பெரிய நட்டமாகக் கருதுகிறேன். ஏனெனில் குறை அவளுடைய திறமையில் இல்லை. அவள் வாசிக்கவும் கேட்கவும் எடுத்துக்கொண்ட விடயத்தில்தான் இருக்கிறது. சிறிய வரலாற்றுப் பகுதிகளை எடுத்து, ஒரே பகுதியை வாசிக்கவும் கேட்கவும் பழகினால் இந்த இரண்டு தடைகளையும் தாண்டலாம் என்பதே எனது கருத்து.

ஏன் வரலாறு? மொழிப் பாடநூல்களில் வரும் உரையாடல்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஹோட்டலில் அறை கேட்கிறார். இன்னொருவர் கடையில் பாண் வாங்குகிறார். அவருக்கு அறை கிடைத்ததா, இல்லையா என்பதைப் பற்றி எங்களில் யாருக்கும் கவலை இல்லை. கவலை இல்லாத இடத்தில் காது கூர்மையடைவதில்லை. வரலாறு அப்படியல்ல. அதில் ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்ய முயல்கிறார். அது நடக்கிறது அல்லது நடக்காமல் போகிறது. அடுத்து என்ன என்று அறியும் ஆவல், தெரியாத சொல்லையும் தாண்டி எங்களை இழுத்துச் செல்கிறது.

அதோடு வரலாற்றுப் பகுதி ஒன்றில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகள் இருக்கின்றன. ஆட்பெயர், இடப்பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் அடையாளம் கண்டாலே பாதி விளங்கிவிடும். நிகழ்வுகள் பெரும்பாலும் கால ஒழுங்கில் வருவதால் எது முந்தியது, எது பிந்தியது என்று குழம்ப வேண்டியதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. புரட்சி, குடியரசு, பேரரசு, அரசியலமைப்பு, நாடாளுமன்றம் போன்றவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலச் சொற்களை ஒத்தவை. 1066 இல் நோர்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், ஆட்சியோடும் சட்டத்தோடும் தொடர்புடைய ஏராளமான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் புகுந்தன. ஆகவே நாங்கள் ஆங்கிலப் பாடத்தில் கற்ற சொற்கள் பலவற்றை ஒரு பிரெஞ்சு வரலாற்றுப் பக்கத்தில் மீண்டும் சந்திக்கிறோம். சரளமாக ஆங்கிலம் பேசத் தெரியாவிட்டாலும் இந்த உதவி கிடைக்கும்.

ஆனால் கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரிவதில்லை. பிரெஞ்சில் எழுத்துக்கும் ஓசைக்கும் உள்ள தூரம் அதிகம். சொல்லின் கடைசியில் எழுதப்படும் பல மெய்யெழுத்துகள் ஒலிக்கப்படுவதில்லை. அதேவேளை, அடுத்த சொல் உயிரோசையில் தொடங்கினால், அதுவரை ஊமையாக இருந்த அந்த எழுத்து திடீரென்று வாய் திறக்கும். "லே" என்ற சொல்லும் "ஆன்ஃபான்" என்ற சொல்லும் சேர்ந்தால் "லேஸான்ஃபான்" என்று ஒரே மூச்சில் வரும். பொருள் "பிள்ளைகள்" என்பதுதான். தாளில் இரண்டு சொற்களாக இருந்ததைக் காது ஒரு சொல்லாகக் கேட்டு மலைத்து நிற்கிறது. இதற்குப் பிரெஞ்சில் "லியேஸோன்", அதாவது இணைப்பு என்று பெயர்.

இந்த இடத்தில் எங்கள் மாணவிகளுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு பயிற்சி இருக்கிறது என்பதை நாங்களே மறந்துவிடுகிறோம். சிறு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீத் கற்றவர்கள் நாம். "அஷ்ஷம்ஸ்" என்று ஓதும்போது லாம் எழுதப்பட்டிருந்தும் ஒலிப்பதில்லை. "அல்கமர்" என்னும்போது ஒலிக்கிறது. ஒரு சொல்லின் இறுதி ஓசை அடுத்த சொல்லின் முதல் ஓசையோடு கலக்கும் இத்காம் சட்டத்தையும் எழுத்துக் கூட்டி ஓதிய வயதிலேயே பழகியிருக்கிறோம். எழுதியிருப்பதெல்லாம் ஒலிக்காது, சொற்கள் தனித்தனியே நிற்காது என்பது எங்களுக்குப் புதிய செய்தியல்ல. பலரைத் திணறவைக்கும் பிரெஞ்சின் "ர" ஓசைகூட அரபு மொழியின் "கைன்" எழுத்தின் ஓசைக்கு மிக அருகில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முஅல்லிமா ஓதிக்காட்ட, நாம் எழுத்தில் விரல் வைத்துக் கேட்டு, பின்னர் அதையே திருப்பி ஓதினோம். பார்த்தல், கேட்டல், சொல்லுதல் மூன்றும் ஒரே பகுதியில் நடந்தன. பிரெஞ்சுக்கு மட்டும் வாசிப்புக்கு ஒரு பந்தி, கேட்பதற்கு வேறொரு பதிவு என்று ஏன் பிரிக்கிறோம்?

கேட்பதில் ஆண்டுகள் தனிப் பிரச்சினை. பிரெஞ்சில் எழுபதை "அறுபது பத்து" என்றும், எண்பதை "நான்கு இருபது" என்றும், தொண்ணூறை "நான்கு இருபது பத்து" என்றும் சொல்கிறார்கள். பிரெஞ்சுப் புரட்சியின் ஆண்டான 1789 ஐச் சொல்ல வேண்டுமானால் "ஆயிரம், ஏழு நூறு, நான்கு இருபது, ஒன்பது" என்று வரும். கேட்பவர் "நான்கு" என்று எழுதத் தொடங்கும்போது பேசுபவர் "இருபது" என்கிறார். அதை அழித்து எண்பதாக்குவதற்குள் வாக்கியம் முடிந்துவிடுகிறது. எண் அட்டவணையை எத்தனை தரம் ஒப்புவித்தாலும் இந்த வேகம் வராது. வரலாற்றுப் பகுதி ஒன்றில் நாலைந்து ஆண்டுகளாவது இருக்கும். வாரம் ஒன்று கேட்டாலும் ஒரு தவணை முடிவதற்குள் ஐம்பது ஆண்டுகளையாவது காது கடந்துவிடும். அதன்பின் "நான்கு இருபது" என்பது கணக்காகக் கேட்காது, எண்பதாகவே கேட்கும்.

இலக்கணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. மேரி கியூரியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். 1867 இல் போலந்தின் வார்சோவில் பிறந்தார். 1891 இல் பாரிஸ் வந்தார். சோர்போனில் தனது தாய்மொழியல்லாத பிரெஞ்சில் படித்தார். 1903 இல் பௌதிகவியலுக்கும் 1911 இல் இரசாயனவியலுக்கும் நோபல் பரிசு பெற்றார். 1934 இல் இறந்தார். இதைப் பத்து வாக்கியத்தில் எழுதினால் பிறந்தார், வந்தார், நுழைந்தார், ஆனார், இறந்தார் என்ற வினைகள் வந்தே தீரும். "எத்ர்" என்ற துணைவினையோடு இறந்தகாலம் ஆக்கப்படுபவை என்று நாங்கள் பட்டியல் போட்டு மனனம் செய்கிற வினைகள்தான் இவை. இவற்றில் எழுவாய் பெண்ணாக இருந்தால் வினையின் ஈற்றில் ஓர் எழுத்து கூடும். "பிறந்தார்" என்பதில் அந்த எழுத்து கண்ணுக்கு மட்டும் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் "நே" என்றே கேட்கும். "இறந்தார்" என்பதிலோ ஆணுக்கு "மோர்", பெண்ணுக்கு "மோர்த்" என்று காதே வேறுபாட்டைக் காட்டிவிடும். வாசித்தால் மட்டும் இந்த நுட்பத்தில் பாதி தெரியும். கேட்டால் மட்டும் மறு பாதி தெரியும். அதனால்தான் ஒரே பகுதியை இரண்டுக்கும் பயன்படுத்த வேண்டும் என்கிறேன்.

செய்முறை கடினமானதல்ல. நூற்றைம்பது முதல் இருநூறு சொற்கள் கொண்ட, ஒரு பக்கத்தைத் தாண்டாத பகுதியை எடுங்கள். முதலில் அந்த நிகழ்வைப் பற்றித் தமிழில் ஐந்து நிமிடம் வாசித்துக்கொள்ளுங்கள். இது களவு அல்ல, அடித்தளம். பிறகு அகராதி இல்லாமல் பிரெஞ்சுப் பகுதியை வாசித்துப் பெயர்களையும் ஆண்டுகளையும் மட்டும் கோடிடுங்கள். இரண்டாம் வாசிப்பில், பொருளை மறிக்கும் ஐந்து சொற்களுக்கு மட்டும் அகராதி பாருங்கள். எல்லாச் சொல்லுக்கும் பார்த்தால் பகுதி முடிவதற்கு முன்னரே ஆர்வம் முடிந்துவிடும். அடுத்த நாள் தாளைப் பார்த்துக்கொண்டே ஒலிப்பதிவைக் கேளுங்கள். சொற்கள் இணையும் இடங்களில் ஒரு வளைகோடு போடுங்கள். மூன்றாம் நாள் தாளை மூடிவைத்துக் கேட்டு, ஆண்டுகளையும் பெயர்களையும் எழுதுங்கள். நான்காம் நாள் அந்தக் கதையை மூன்று பிரெஞ்சு வாக்கியங்களில் சத்தமாகச் சொல்லுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சு வரலாற்று நூல்களில் பேச்சில் வழங்காத ஓர் இறந்தகால வடிவம் உண்டு. தொடக்கத்தில் அது மிரட்டும். அதை எழுதவோ பேசவோ பழக வேண்டியதில்லை. கண்டால் இனங்காணத் தெரிந்தால் போதும். அதனால் பெரியவர்களுக்கான நூல்களை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, நிகழ்காலத்தில் கதை சொல்லும் எளிய பகுதிகளிலிருந்து தொடங்குவது நல்லது. எட்டு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சில் எழுதப்படும் விக்கிடியா கலைக்களஞ்சியத்தில் அப்படியானவை நிறைய இருக்கின்றன. டிவி5மோந்த் தொலைக்காட்சி ஆரம்ப நிலையிலிருந்து படிப்படியாக அமைந்த கேட்டல் பயிற்சிகளை இலவசமாகத் தருகிறது. ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம்தான். பேசியதன் எழுத்து வடிவமும் கிடைக்கும். அது செய்தியேயானாலும், வரலாற்றில் பழகிய காதுக்கு அடுத்த படி அதுவே.

எவற்றை வாசிப்பது? தொடங்குவதற்கு 1783 ஆம் ஆண்டு போதும். அந்த ஆண்டு செப்டெம்பர் 19 இல் மொங்கோல்ஃபியே சகோதரர்கள் வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயியின் முன்னிலையில் ஒரு சூடான காற்றுப் பலூனை மேலே அனுப்பினார்கள். அதில் பயணம் செய்தவை ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். மூன்றும் உயிரோடு இறங்கின. இரண்டு மாதங்களில், நவம்பர் 21 இல், மனிதர் இருவர் பாரிஸின் மேலே பறந்தார்கள். முதலாம் வருடப் பிரெஞ்சுச் சொற்களோடு சொல்லி முடிக்கக்கூடிய கதை இது. அடுத்ததாக லூயி பிரெய்ல். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் கண்ணில் காயம்பட்டுப் பார்வை இழந்த சிறுவன், ஆறு புள்ளிகளால் ஆன எழுத்து முறையை உருவாக்கி 1829 இல் வெளியிட்டார். எழுத்தை விரலால் வாசிக்கக் கற்றுத்தந்தவரின் கதையை, எழுத்தைக் காதால் வாசிக்கப் பழகும் நாங்கள் படிப்பது பொருத்தமே.

எங்கள் மாணவிகளுக்கு இன்னொன்றையும் சொல்வேன். பிரான்ஸில் பெண்களுக்கு வாக்குரிமை 1944 ஏப்ரலில்தான் வழங்கப்பட்டது; அவர்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்ரல் 29 இல். இலங்கையிலோ டொனமூர் அரசியலமைப்பின்கீழ் பெண்கள் 1931 இலேயே வாக்களித்துவிட்டார்கள். ஒரு பிரெஞ்சுப் பகுதியை வாசித்துவிட்டு, "எங்கள் நாட்டில் இது முன்னரே நடந்தது" என்று பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொல்ல முடியுமானால், அந்த மாணவிக்கு அந்த மொழி இனி அந்நியமாக இருக்காது.

எமது தீவும் பிரெஞ்சு வரலாற்றில் இருக்கிறது. 1672 இல் தெ லா ஹே என்ற தளபதியின் கப்பற்படை திருகோணமலைக்கு வந்து, ஒல்லாந்தருக்கு எதிராக இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆதரவை நாடியது. ஒல்லாந்தர் அவர்களை அங்கே நிலைகொள்ள விடவில்லை. பிறகு 1782 இல், அதே ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்த திருகோணமலையைப் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் ஓகஸ்ட் இறுதியில் கைப்பற்றினார். செப்டெம்பர் 3 ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே அவருடைய கப்பல்களும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் மோதின. எங்களுக்குத் தெரிந்த ஊர், தெரிந்த கடல். இந்தக் கதையைப் பிரெஞ்சில் கேட்கும்போது காது தானாகவே முன்னே போகும். கடலுக்கு அப்பால், 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசும் ஊர்களே. புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். துய்ப்ளேயைப் பற்றிய பிரெஞ்சுப் பகுதி ஒன்றை வாசிக்கும் மாணவி, அதே மனிதரைத் தமிழர் ஒருவர் அருகிலிருந்து பார்த்து எழுதினார் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து எழும் கேள்வி ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் எழுதிய வரலாற்றை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்? அவர்கள் அல்ஜீரியாவை 1830 முதல் 1962 வரை ஆண்டவர்கள் அல்லவா? கேள்வி நியாயமானது. என்னுடைய பதில், அதனாலேயே படிக்க வேண்டும் என்பது. அல்ஜீரியர்கள் எட்டு ஆண்டுகள் போராடிச் சுதந்திரம் பெற்ற அந்தப் போரைப் பிரெஞ்சு அரசு நீண்ட காலம் "போர்" என்று அழைக்கவில்லை. "நிகழ்வுகள்" என்றும் "ஒழுங்கை நிலைநாட்டும் நடவடிக்கைகள்" என்றும் சொல்லிவந்தது. 1999 ஒக்டோபரில்தான் "அல்ஜீரியப் போர்" என்ற பெயர் பிரெஞ்சுச் சட்டத்தில் ஏறியது. "நிகழ்வு" என்ற சொல்லுக்கும் "போர்" என்ற சொல்லுக்கும் இடையில் எவ்வளவு மறைக்கலாம் என்பதை மொழிபெயர்ப்பில் உணர்வது கடினம். ஒரு பகுதியில் யார் பெயர் சொல்லப்படுகிறது, யார் பெயர் சொல்லப்படவில்லை, எந்தச் சொல் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறது என்று கேட்கப் பழகுவதும் வாசிப்புத் திறனே. கொள்ளுவதும் தள்ளுவதும் வாசித்தபின் எங்கள் உரிமை.

இந்த வழியில் எமக்கு முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். எகிப்தின் அல்அஸ்ஹரில் கற்ற ரிஃபாஆ அல்தஹ்தாவி, 1826 இல் பாரிஸுக்கு அனுப்பப்பட்ட மாணவர் குழுவின் இமாமாகச் சென்றார். அவருடைய கடமை தொழுகை நடத்துவதும் மார்க்க வழிகாட்டலும். ஆனாலும் அவர் தாமாகவே பிரெஞ்சு கற்கத் தொடங்கி, வரலாறு உட்படப் பல துறை நூல்களை வாசித்தார். ஐந்து ஆண்டுகளின்பின் நாடு திரும்பி, தமது பாரிஸ் அனுபவத்தை அரபு மொழியில் 1834 இல் நூலாக வெளியிட்டார். கெய்ரோவில் 1835 இல் தொடங்கப்பட்ட மொழிகள் பாடசாலையை வழிநடத்திப் பல மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்கினார். அவர் தமது மார்க்கத்தையும் மொழியையும் பாரிஸில் விட்டுவிட்டு வரவில்லை. பிரெஞ்சையும் சேர்த்துக்கொண்டு வந்தார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "வரலாறு தனிப் பாடம், பிரெஞ்சு தனிப் பாடம், இரண்டையும் போட்டுக் குழப்பி நேரத்தை வீணாக்காதே" என்று நீங்கள் சொல்வது எங்கள் நன்மைக்காகத்தான். ஆனால் பந்தியை விளங்காமல் விடை தேடும் மாணவி செலவிடும் நேரம் இதைவிட அதிகம். மகள் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தால் உம்மாவுக்கு மனம் ஒருமாதிரி இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதற்கும் வழி உண்டு. ஒலிப்பதிவை எல்லோருக்கும் கேட்க மண்டபத்தில் போடச் சொல்லுங்கள். முடிந்தபின் "என்ன கதை?" என்று தமிழில் கேளுங்கள். பிரெஞ்சு தெரியாத வாப்பாவும் தம்பியும் விளங்கிக்கொள்ளும்படி அவள் சொல்லிவிட்டால், அவள் கிரகித்துவிட்டாள் என்பதற்கு வேறு பரீட்சை வேண்டியதில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்கலாம். சுற்றுலா வழிகாட்டல், மொழிபெயர்ப்பு போன்ற துறைகளில் இந்த மொழிக்குத் தேவை இருக்கிறது. செனகலிலிருந்து துனீசியா வரை பிரெஞ்சு பேசும் முஸ்லிம்கள் கோடிக்கணக்கில் வாழ்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எமது கல்லூரிக்கு நான் முன்வைக்கும் யோசனை சிறியது. பிரெஞ்சு கற்கும் உயர்தர மாணவிகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத் தாண்டாத முப்பது வரலாற்றுப் பகுதிகளைத் தொகுக்கலாம். ஆசிரியையிடம் பிழை திருத்தி, அவருடைய குரலிலேயே பதிவுசெய்து, நூலகத்தில் ஒரு கோப்பாக வைக்கலாம். முதல் பகுதி சுஃப்ரேனின் திருகோணமலையாக இருக்கட்டும். அதை நாங்களே எளிய பிரெஞ்சில் எழுதுவோம். அடுத்த வருடம் இந்தப் பாடத்துக்கு வரும் தங்கைமார் அந்தக் கோப்பைத் திறந்தால், அவர்கள் வாசிக்கும் முதல் பிரெஞ்சுப் பக்கம் எமது கடலைப் பற்றியதாகவும், தமிழ் மொழிமூலம் கற்ற அவர்களுடைய தாத்தாமார் எழுதியதாகவும் இருக்கும். அதைப் பார்த்த பிறகும் "பிரெஞ்சு எங்களுக்குச் சரிவராது" என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

க.பொ.த. உயர்தர கலைப்பிரிவு மாணவி